முப்பத்தோராவது தொட்டி

இல்ல, அங்கயே நில்லுங்க. கேட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க. உள்ள விடறதுக்கு முன்னாடி ஒரு விடுகதை போடறேன், பதில் சொல்லிட்டு வாங்க. நாப்பது வயசு, முழங்கை உயரம். வருஷத்துக்கு ஒரு தடவை நரைக்கும், அப்புறம் நரை உதிர்ந்து சிவக்கும். வாய் கிடையாது, ஆனா தொட்டா கடிக்கும். என்ன அது?

யோசிங்க, யோசிங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல. உங்களுக்குத்தான் அவசரம். பேனா மூடியக் கழட்டி வெச்சுக்கிட்டே வந்திருக்கீங்க.

நாயா? நாப்பது வயசு நாய எங்க பாத்தீங்க, உங்க ஆபீஸ்லயா?

சரி, வாங்க. தெரியலைன்னாலும் விட்டுத்தான் ஆகணும், கையில அரசாங்கக் காகிதம் இருக்கே. செருப்ப மட்டும் அந்தத் தட்டுல நனைச்சிட்டு வாங்க. ஆமா, மருந்துத் தண்ணிதான். நான்தான் வெச்சேன். நோயப் பத்தி உங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சீங்களா?

அதோ, சுவரோரமா நீளமா ஒரு பெஞ்சு இருக்கு பாருங்க. அதுல வரிசையா நிக்குதே, அதுதான் பதில். பைரகாந்தா. நெருப்பு முள்ளுன்னும் சொல்லுவாங்க. வேலியில வெச்சா ஆள் உயரத்துக்கு மேல போகும். நான் தட்டையான தொட்டியில முழங்கை உயரத்துலயே நிறுத்தி வெச்சிருக்கேன். போன்சாய். பூக்கறப்ப தலை பூரா வெள்ளை, அதான் நரை. காய் பழுத்தா கொத்துக் கொத்தா சிவப்பு. கடிக்கறது முள்ளு. அதத் தொடா... சொல்லி வாய மூடல, தொட்டுட்டீங்க! காட்டுங்க. ம், நகக்கண்லயே ஏறியிருக்கு. சாயங்காலத்துக்குள்ள விரல் வீங்கும். நல்லா வேணும்.

என்ன முறைக்கறீங்க? என் மரத்த எரிக்க வந்திருக்கற ஆளுக்கு நான் மருந்து போட்டு ஊதிவிடணுமா?

விடுகதை நான் கட்டினதில்ல. எங்க வாலு கட்டினது. என் பொண்ணு, ஒம்பது வயசு. செல்லத்துக்கு வாலுன்னு சொல்லல, நெஜமாவே வாலுதான். பள்ளிக்கூடம் போயிருக்கா, நாலு மணிக்கு வந்துடுவா. அதுக்குள்ள நீங்க எழுதறத எழுதிட்டுக் கிளம்பிட்டா எல்லாருக்கும் நல்லது.

ஏன்னா? பிள்ளை பாக்கறப்பவே மரத்த எல்லாம் அள்ளி வண்டியில போடுவீங்களா? கேக்கறாரு பாரு கேள்வி. அவங்க அப்பா வீட்டுல இல்ல. கப்பல்ல வேலை, எட்டு மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு. அதனால பேச வேண்டியத என்கிட்டயே பேசுங்க. கேக்கறதுக்கு ஆளில்லன்னு நெனச்சு குரல ஒசத்தினீங்கன்னா, எனக்கும் குரல் இருக்கு.

அந்தக் காகிதத்த நீட்டாதீங்க. தபால்ல வந்தது, படிச்சாச்சு. கருகல் நோய் பரவுது, சுத்துவட்டாரத்துல இந்த நோய் வரக்கூடிய மரம் எல்லாத்தையும் பாப்பீங்க. ஒண்ணுல இருந்தாக்கூட பக்கத்துல இருக்கற அத்தனையும் போகணும். ஒளிச்சு வெச்சா நடவடிக்கை. சரியா? ஒப்பிச்சிட்டேனா? உங்க ஆபீஸ்காரங்க மூணு வருஷம் முன்னாடி ஒரு படம் கொடுத்தாங்களே, நோய் வந்த கொப்பு எப்படி இருக்கும்னு கலர்ல போட்டு, அதோ ஷெட்டு கதவுல ஒட்டியிருக்கேன். எங்க வாலு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டதே அதுலதான். மத்த பிள்ளைங்க எல்லாம் நாய், பூனைன்னு படிச்சா, இவ நுனி கருகும், கைத்தடி போல வளையும், பட்டையிலிருந்து பிசின் போல வடியும்னு படிச்சா. வெட்டுக்கு வெட்டு கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்கவும். அதையும் படிச்சா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா.

யார் உங்கள இங்க அனுப்பினாங்கன்னு நான் கேக்கப்போறதில்ல. எனக்கே தெரியும். இந்த மதில் தாண்டி பேரிக்காய் போட்டிருக்காரே, பேரித்தோட்டக்காரர். இல்லைன்னு தலைய ஆட்டாதீங்க தம்பி, உங்கள விட எனக்கு அவரத் தெரியும். பன்னெண்டு வருஷமா தெரியும். குடி வந்த மொத வாரம் மதிலுக்கு மேல தலைய நீட்டி, ஏம்மா, இந்தப் பொம்மைச் செடிய எல்லாம் எப்பத்தான் வளர விடப்போறீங்கன்னு கேட்டாரு. உங்க தலையில முடி மொளைக்கறப்ப விடறேன்னு சொன்னேன். அன்னிக்கு உள்ள போன தலைதான். அதுக்கப்புறம் அவரா ஒரு வார்த்தை பேசினது கிடையாது, நானும் பேசல.

சும்மா இல்ல, நானும் அவர விட்டு வெக்கல. அவர் மருந்தடிச்சா சாரல் மதிலத் தாண்டி இங்க வருதுன்னு நகராட்சியில எழுதிக் கொடுத்தேன். தண்ணித்தொட்டி மதிலோரமா இருந்துச்சு, கசியுதுன்னு எழுதிக் கொடுத்தேன். அத இடிச்சு அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்க் கட்டினாரு. இதெல்லாம் அவர் மனசுல இருக்காதா? இருக்கும். இப்ப நேரம் பாத்து உங்கள ஏவி விட்டிருக்காரு.

இதுல கூத்து என்னன்னா, வாலு பள்ளிக்கூடத்துக்குப் போறது அவர் தோட்டத்து வழியாத்தான். ரோட்ட சுத்திப் போனா அரை மணி நேரம். போறப்ப வரப்ப அவரோட பேச்சு. பறவை விரட்ட ஒரு தகரம் கட்டியிருக்காரு, அத அடிக்கறது இவ வேலையாம். அம்மாவோட சண்டைன்னா அம்மாவோடதானேன்னு சொல்லுது அந்தக் கழுதை.

எண்ணிட்டீங்களா? முப்பதா? முப்பதுதான். நல்லா எண்ணத் தெரிஞ்சிருக்கு.

லிஸ்ட்டுல முப்பத்தொண்ணுன்னு இருக்கா? அது போன வருஷத்து லிஸ்ட்டு. நர்சரி பதிவுக்குக் கொடுத்தது. ஒண்ணு செத்துப்போச்சு. மரம்னா சாகும். நீங்க நம்பரு போட்டுக் கட்டிவிட்டா சாகாம இருக்குமா?

எந்த நம்பரா? ஒண்ணாம் நம்பர். ஆமா, இடது கோடியில இருந்தது. அந்தக் காலி இடத்துல தண்ணி கேன் வெச்சிருந்தேன், அதான் பாசி பிடிக்காம நீளச்சதுரமா வெள்ளையா இருக்கு. அதையும் எழுதிக்கிறீங்களா? எழுதுங்க, எழுதுங்க. கேன் நீளமான கேன்.

இப்ப என்ன, அந்தக் கொப்ப ஏன் உத்து உத்துப் பாக்கறீங்க? வெட்டினது புதுசா இருக்குன்னா? புதுசாத்தான் இருக்கும். பூ உதிர்ந்து மூணு வாரம் ஆச்சு. பூ உதிர்ந்தா வெட்டுவோம். எல்லா மரத்துலயும்தான் வெட்டியிருக்கேன்.

உங்களுக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு முகத்துலயே எழுதியிருக்கு, சொல்றேன் கேட்டுக்கங்க. இந்த மரத்துக்குப் போன வருஷக் கொம்புலதான் இந்த வருஷம் பூ வரும். அத மறந்துட்டு அழகு பாத்து வெட்டினா, பூவும் இல்ல, பழமும் இல்ல. ஒரு பல் டாக்டர் என்கிட்ட ஒரு மரம் வாங்கிட்டுப் போனாரு. மூணு வருஷம் விடாம போன் பண்ணி, பூக்கல, ஏமாத்திட்டீங்கன்னு ஒரே சத்தம். நேர்ல போய்ப் பாத்தேன். உருண்டையா, வழுவழுன்னு, ஒரு இலை தூக்கல, ஒரு இலை தாழல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வெட்டுவாராம். டாக்டர், நீங்க வரிசையா வெட்டிப் போட்டதெல்லாம் பூ வர வேண்டிய கொம்புன்னு சொன்னேன். அந்த மனுஷன் அப்படியே உக்காந்துட்டாரு. அப்புறம் ஒரு வருஷம் கத்தரியப் பூட்டி வெக்கச் சொன்னேன். அடுத்த வருஷம் பூத்துது. போன் பண்ணி அழுதாரு.

அதனால பூ உதிர்ற நேரத்துல, பிஞ்சு எங்க இருக்குன்னு பாத்து, புதுசா நீண்ட தளிர மட்டும் ரெண்டு மூணு இலை விட்டு வெட்டணும். முள்ளோட நுனிய முறிக்கணும், இல்லைன்னா கம்பி சுத்தறப்ப கையக் கிழிச்சிடும். இலையிடுக்குல இருக்கற குட்டிக் கொப்பத் தொடக் கூடாது. ஒரு மரத்துக்குக் கால் மணி நேரம். முப்பத்தொண்ணுக்கு ஒரு நாள் பூரா. அவ்ளோதான், பாடம் முடிஞ்சுது. பேனாவ மூடுங்க.

மூட மாட்டீங்க.

எங்க? ரெண்டாவதுலயா? தெரியுது, எனக்கும் கண்ணு இருக்கு. நுனி வளைஞ்சிருக்கு. வெயில்ல வாடினா வளையாதா? சரி, கறுப்பாத்தான் இருக்கு. மூணாவதுலயும். நாலு... அத விடுங்க, விரலால தொட்டுட்டு அடுத்ததத் தொடாதீங்க! எந்தக் காலேஜ்ல படிச்சீங்க? துடைங்க மொதல்ல. ஸ்பிரிட்டு இந்தாங்க.

ஆமா, கருகல்தான். எனக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும். முந்தாநாள்தான் வெளிய தெரிஞ்சுது. எல்லாத்துலயும் இல்லையே? பதினாறுக்கு அப்புறம் சுத்தமா இருக்கு, பாருங்க. அந்தப் பதினஞ்சையும் எடுத்துட்டுப் போங்க, மிச்சத்த விட்டுடுங்க.

சட்டம். சரி, சட்டம். ஒரே பெஞ்சுன்னா அத்தனையும் போகணும். உங்க சட்டத்த எழுதினவன் ஒரு மரமாவது வளத்திருப்பானா? இந்த அஞ்சாவது இருக்கே, இதுக்கு ஒரு வளைவு வர்றதுக்கு ஆறு வருஷம் கம்பி கட்டி, அவுத்து, கட்டி, அவுத்து... வேணாம், உங்ககிட்ட சொல்லி என்ன? எழுதுங்க. முப்பது. கை நடுங்காம எழுதுங்க.

தேனீதான் கொண்டு வந்திருக்கும். வேற எப்படி வரும்? அவர் தோட்டத்துப் பேரி மரத்துலேர்ந்து தேனீ இங்க வந்திருக்கு. அங்க போய்ப் பாருங்க. அத விட்டுட்டு என் பெஞ்சுல வந்து...

என்ன வரிசை?

இருங்க, புரியல, திரும்பச் சொல்லுங்க.

ரெண்டாவதுல ஒம்பது நுனி, மூணாவதுல ஏழு, நாலாவதுல ஏழு, அஞ்சுல ஆறு... பதினாறுல ஒண்ணே ஒண்ணு. அப்புறம் இல்ல. தேனீ இப்படி இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கமா வரிசையா வராதுங்கறீங்க. இஷ்டத்துக்குத்தான் உக்காரும்ங்கறீங்க. எது வரிசையா வரும்னு நீங்க சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்.

தண்ணி குடிக்கிறீங்களா? வேணாமா? நான் குடிச்சுக்கறேன்.

ஒண்ணாம் நம்பரா? அதான் சொன்னேனே, ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன்னு.

செத்துப்போச்சுன்னா சொன்னேன்? கொடுத்தாலும் செத்தாலும் எனக்கு ஒண்ணுதான், என்கிட்ட இல்ல. யாருக்குக் கொடுத்தேன்னெல்லாம் உங்களுக்கு எதுக்கு? வெளியூர்க்காரர். அட்ரஸ் தெரியாது. சும்மா போட்டுக் குடைஞ்சுக்கிட்டே இருக்காதீங்க, நீங்க போலீஸ் இல்ல. செடி டாக்டர். அதுவும் பாதி டாக்டர்.

அது எப்படிப்பட்ட மரம்னு கேளுங்க, அதச் சொல்றேன். ஒரு பழைய ஆஸ்பத்திரிக்கு வேலியா இருந்தது. கட்டடத்த இடிச்சப்ப வேலியையும் பிடுங்கி ரோட்டுல போட்டுட்டாங்க. வண்டி ஏறி அடிமரம் நசுங்கி, ஒரு பக்கம் கோணிப்போய்க் கிடந்துது. வாலு அப்ப என் வயித்துல ஆறு மாசம். கூட யாருமில்ல. ஒரு சாக்குல சுத்தி, இழுத்து இழுத்துக் கொண்டு வந்தேன். வேருன்னு சொல்றதுக்கு நாலு நூல் இருந்துது. பிழைக்கும்னு எந்த மடையனும் சொல்ல மாட்டான். ரெண்டு வருஷம் தொட்டி மாத்தல, கம்பி கட்டல, ஒரு இலையக் கூடக் கிள்ளல. மூணாவது வருஷம் பூத்துது. வாலு அதுக்குக் கோணல்னு பேரு வெச்சா. ஒரு தடவை அதப் படம் எடுத்துக் காலண்டர்ல போட்டாங்க, பிப்ரவரி மாசத்துக்கு. இருக்கறதுலயே சின்ன மாசம், நமக்கு வாய்ச்சது அதுதான்.

போன வருஷம் பழம் பழுத்தப்ப பறவை வந்து கொத்த ஆரம்பிச்சுது. வாலு லீவு பூரா அதுக்கு முன்னாடி ஒரு வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டா. கையில ஒரு தட்டு, கரண்டி. டங்கு டங்குன்னு. எனக்குத் தலைவலியே வந்துடுச்சு. லீவு முடியறப்ப அறுபத்து மூணு பழம் மிச்சம். எண்ணி வெச்சிருந்தா.

ஆமா, அதுல நோய் இருந்திருந்தா வெளிய தெரியலைன்னாலும் பட்டைக்குள்ள உக்காந்திருக்கும், அடுத்த பூவுக்கு வடிய ஆரம்பிக்கும், ஈயும் தேனீயும் மழையும் சுத்து முத்தும் கொண்டு போகும். தெரியும். அதான் கதவுல ஒட்டியிருக்கேனே. இருந்திருந்தாத்தானே? இருந்துதுன்னு யார் சொன்னா? அந்தப் பேரித்தோட்டக்காரரா? மதில் மேல ஏறிப் பாத்தாராமா?

என்ன?

என்னப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா? அப்ப எதுக்கு உங்க ஆபீஸுக்கு வந்தாராம்?

தன் தோட்டத்துல இருக்குன்னு தானே வந்து சொன்னாராமா. தானேவா? மொத கொப்பு கருகினதப் பாத்த அன்னிக்கே.

அந்தக் காகிதத்தக் கொடுங்க. கொடுங்கங்கறேன், கிழிக்க மாட்டேன்.

எண்பதா. இருநூறுல எண்பது மரத்த அடியோட வெட்டிட்டாரா.

சனிக்கிழமை. சனிக்கிழமை புகை வந்துச்சு. காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் மதிலுக்கு மேல ஒரே புகை. காய்ஞ்ச இலையப் போட்டுக் கொளுத்தறாரு, நம்ம வீட்டுப் பக்கம் காத்து வரும்னு பாத்தே கொளுத்தறாருன்னு ஜன்னல எல்லாம் அறைஞ்சு சாத்தினேன். அவர் காதுல விழட்டும்னு சத்தமா திட்டவும் திட்டினேன். வாலு மட்டும் மாடியில போய் நின்னுக்கிட்டா. கூப்பிட்டாலும் வரல. அவ தினம் அந்த வழியாப் போறவ. என்ன எரியுதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட சொல்லல.

நீங்க பேசாதீங்க கொஞ்சம்.

மிச்சம் நூத்தி இருபது. அது பிழைக்குமா? சுத்துவட்டாரத்துல வேற எங்கயும் நோய் இல்லைன்னா பிழைக்கும். இருந்தா அடுத்த வருஷம் அதுவும் போகும். அப்படித்தானே? தோட்டம் போனா அவருக்கு வேற ஒண்ணும் இல்லங்கறீங்க. தெரியும். அத எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? எனக்கு மட்டும் வேற என்ன இருக்கு? இந்த முப்பதும் போனா அந்தப் பக்கம் இருக்கற பத்து ஊசியிலை மரம். அது வேற குடும்பம், அதுக்கு இந்த நோய் வராது. அத வெச்சுத்தான் நான் திரும்ப ஆரம்பிக்கணும்.

சரி. எழுதறதுன்னா எழுதிக்கங்க, எழுதலைன்னாலும் சரி. மூணு வாரத்துக்கு முன்னாடி நடந்தது சொல்றேன். அன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்ல. வாலு அந்தக் கவுத்த வாளி மேல உக்காந்து, உதிர்ந்த பூவ ஒரு டப்பாவுல பொறுக்கிக்கிட்டிருந்தா. நான் இடது கோடியிலேர்ந்து வெட்ட ஆரம்பிச்சேன். மொத மரம் கோணல். பின்பக்கமா ஒரே ஒரு கொப்பு, நுனி கறுத்து, கைத்தடி மாதிரி வளைஞ்சு. அடியில பட்டையில ஒரு சொட்டு, தேன் மாதிரி.

பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. ஒரு சாண் கீழ விட்டு வெட்டினேன். வெட்டின கொப்ப எப்பவும் தரையில போடுவேன், அத மட்டும் மடிச்சு ஏப்ரன் பையில போட்டுக்கிட்டேன். ஸ்பிரிட்டு பாட்டில் கைக்கெட்டற தூரத்துல இருந்துது. இதே பாட்டில்தான்.

துடைக்கல.

மறக்கல தம்பி. மறந்திருந்தா பரவாயில்லையே. சாதாரண நாள்ல நான் ஒரு மரம் முடிச்சுட்டுத்தான் துடைப்பேன், அதுவும் துணியால ஒரு இழுப்பு. வெட்டுக்கு வெட்டு ஸ்பிரிட்டுல துடைச்சேன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தம் எழுத்துக் கூட்டிப் படிச்ச ஆள் எதிர்ல உக்காந்திருக்கா. அவளுக்குத் தெரிஞ்சா பேரித்தோட்டக்காரருக்குத் தெரியும், அவருக்குத் தெரிஞ்சா உங்களுக்குத் தெரியும். அதனால ஒண்ணுமே நடக்காத மாதிரி, முகத்த நேரா வெச்சுக்கிட்டு, அதே கத்தரியோட ரெண்டாவது மரத்துக்குப் போனேன். மூணாவதுக்குப் போனேன். பாட்டுக் கூட முணுமுணுத்தேன்னு நெனக்கறேன். மத்தியானம் பதினாறாவது முடிச்சேன். பசிக்குதுன்னு வாலு உள்ள போன அப்புறம்தான் கத்தரியத் துடைச்சேன். பதினேழுலேர்ந்து சுத்தமா இருக்கே, அது அதனாலதான்.

இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். இத ஒரு மரத்துலயே நிறுத்தியிருக்கலாம். நானே பெஞ்சு பூரா கொண்டு போய்ச் சேத்தேன். கோணல் பூத்தப்பவே அதுலேர்ந்து மதில் தாண்டியும் போயிருக்கு. அவர் தோட்டத்துலேர்ந்து இங்க வரல. அதையும் எழுதிக்கங்க.

அவ பாக்கலைன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அன்னிக்குச் சாப்பிடறப்ப கேட்டா, ஏம்மா அத மட்டும் பையில போட்டுக்கிட்டன்னு. சும்மாதான்னு சொன்னேன். சரின்னுட்டு சாப்பிட்டா.

பரிதாபமா பாக்காதீங்க, எனக்கு அது பிடிக்காது. இன்னும் உங்க மேல எனக்குக் கோபம்தான். மரத்த எல்லாம் ஏத்தறப்ப உங்க ஆளுங்க எவனாவது தொட்டிய ஒடைச்சான்னா அப்பத் தெரியும் நான் யாருன்னு. மரம்தான் உங்களுது, தொட்டி என்னுது. ஒண்ணொண்ணா எடுத்து வெச்சிட்டுத்தான் போகணும்.

மணி என்ன? மூணு அம்பதா.

அந்த ஒண்ணாம் நம்பரு சாகவும் இல்ல, யாருக்கும் கொடுக்கவும் இல்ல. உங்க காகிதம் வந்த அன்னிக்கே உள்ள கொண்டு போயிட்டேன். இருங்க, எந்திரிக்காதீங்க, முழுசா கேளுங்க. நீங்க நாலு மணிக்குள்ள போயிடணும்னு பாத்தேன். நீங்க போற மாதிரி தெரியல. வாலு வந்துடுவா. வந்தா, பாப்பா, ஒரு மரம் குறையுதேன்னு கேப்பீங்க. கேக்கத்தான் செய்வீங்க, அது உங்க வேலை.

காலையில அவளுக்குத் தலை பின்னிவிடறப்ப நானே கேட்டேன். ஆபீஸ்லேர்ந்து ஒரு மாமா வருவாரு, கோணல் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவன்னு. ரெண்டையும் சொன்னேன். அம்மா யாருக்கோ கொடுத்துட்டாங்கன்னு சொன்னா அது நம்மகிட்டயே இருக்கும். இருக்கற இடத்தச் சொன்னா கொண்டு போய் எரிச்சுடுவாங்க. எதச் சொன்னாலும் திட்ட மாட்டேன், நீயே முடிவு பண்ணிக்கன்னேன். ஒரு பக்கம் பின்னி முடிச்சு, அடுத்த பக்கம் பாதி வந்தப்பதான் வாயத் திறந்தா.

குளியலறையில இருக்குன்னு சொல்லிடுவேம்மான்னா.